சித்தூர்ச் சீமையின் வீட்டு விளக்குகள்



தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பால் எந்த ஊரிற் குடியேறி வாழ்ந்தாலும் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் எளிதில் மாறுவதில்லை. அந்தி மயங்கும் வேளையை ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்றே இன்றும் சொல்லுகிறோம். அந்நேரத்தில் உறங்கலாகாது, தலை வாரலாகாது, கடன் கொடுக்கலாகாது என்னும் கட்டளைகள் மும்பையின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் தில்லிக் கரோல்பாக்கின் சந்துகளிலும் பாட்டிமார் வாய்மொழியாக வாழ்ந்து வருகின்றன. நேரத்தின் பெயர் மாறவில்லை. வைக்கப்படும் விளக்குத்தான் நான்கைந்து தலைமுறைக்குள் ஐந்து முறை மாறிவிட்டது. அம்மாறுதல்களுள் கடைசிக்கு முந்தியதைப் பற்றியே இன்று சிறப்பாகப் பேச விரும்புகிறேன். கடைக்காரர் ‘சி.எஃப்.எல்.’ என்றும் வீட்டார் ‘சுருள் பல்பு’ என்றும் அழைத்த மின்சிக்கன விளக்கு அது. அது நம் வீடுகளுக்குச் செய்தது நன்மையா தீமையா என்னும் வழக்கு, அது கடைகளை விட்டு மறைந்து வரும் இந்நாளிலும் தீர்ந்தபாடில்லை.

இவ்வழக்கை ஆராயச் சித்தூரையும் திருப்பதியையும் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. உங்களிற் பலர் பிழைப்பு நாடி வேறு மாநிலத்துக்குச் சென்றவர்கள். சித்தூர்ச் சீமையிலோ, இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மாநிலத்தாராகிவிட்ட தமிழர் பலர். வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்த சித்தூர், 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தன் பெயராலேயே ஒரு ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தபொழுது அதனோடு இணைந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வட எல்லைக் கிளர்ச்சிக்குப் பின், பட்டாஸ்கர் அவர்களின் மத்தியஸ்தத்தால் எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு பல முறை நகர்ந்தாலும், நகரியிலும் புத்தூரிலும் சித்தூர்த் தெருக்களிலும் இரண்டு மொழிகளும் ஒரே திண்ணையிற் கலந்துதான் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரக் கட்டணச் சீட்டு தெலுங்கில் வரும். அதைப் பார்த்து வீட்டார் அங்கலாய்ப்பது தமிழில் நடைபெறும்.

விளக்குக்குக் கணக்குப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுக்களிற் பெரும்பகுதி தமிழில் அமைந்தது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் உழைப்பின் பயனாகத் தேவஸ்தானம் அவற்றை 1930-களிற் பல தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்த ஒன்று, 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், திருச்சானூரிலே திருவிளங்கோயிற் பெருமானுக்கு விளக்கெரிக்கச் சோழநாட்டார் ஒருவர் வைத்த கொடையைத் தெரிவிக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வேங்கடத்தின் அடியில் வைத்துச் சென்ற அடையாளம் ஒரு விளக்கு என்பது நினைக்கத் தக்கது.

அக்காலத்து விளக்குக் கொடைகளின் நுட்பம் அவற்றின் கணக்கில் இருக்கிறது. தமிழகக் கோயில்கள் பலவற்றில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளும் சில இடங்களில் 90 ஆடுகளும் விடப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்புவதால் மந்தையின் தொகை குறைவதில்லை. விளக்கு என்னும் பாத்திரத்தின் விலையை அக்கல்வெட்டுக்கள் பெரிதாகப் பேசுவதில்லை. எரிப்பதற்கு ஆகும் நித்தியச் செலவையே பேசுகின்றன. விளக்கை வாங்குவது ஒரு நாள் செலவு, எரிப்பது சந்திரசூரியர் உள்ளவரை ஆகும் செலவு என்பதை ஆயிரம் ஆண்டுகட்கு முன் கல்லில் வெட்டிய கணக்கர் தெளிவாக அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இல்லறத்தார் அதை மறந்து போனார்கள் என்பது என் எண்ணம். ஏன் மறந்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கோயிலுக்கு நெய்யென்றால் வீட்டுக்கு எண்ணெய். ஆமணக்கும் புங்கமும் இலுப்பையும் நம் பாட்டன்மார் வீட்டு அகலை நிறைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும், பின்னர்ப் பர்மாவிலிருந்தும் மண்ணெண்ணெய் தகர டின்களில் வந்திறங்கி, அந்த எண்ணெய்களைப் பூஜை அறைக்குள் ஒதுக்கிவிட்டது. சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வீட்டுக்கு வந்தன. கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வந்தது. மூன்று விளக்குகளுக்கும் எண்ணெய் தீர்வதைக் கண்ணாற் காணலாம். போத்தலைத் தூக்கிப் பார்த்தே நாளைக்கு விளக்கெரியுமா என்று சொல்லிவிடலாம்.

மின்சாரம் வந்ததும் அந்தக் கண் கணக்குப் போயிற்று. அது இச்சீமைக்கு வந்த வழியும் ஒரு சுவையான செய்தி. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அதன் அடியில் அமைந்த மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கிற்று. சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காட்டு ஜில்லாக்களோடு சித்தூர் ஜில்லாவும் மேட்டூர் மின்திட்டத்தின் விநியோகப் பரப்பிற் சேர்ந்திருந்தது. காவிரியின் நீர் ஒரு சொட்டும் சித்தூர் வயலிற் பாய்ந்ததில்லை. ஆயினும் அந்நீர் சுழற்றிய சக்கரத்தின் பயன் கம்பி வழியே வந்து இங்கே எரிந்தது. பிற்பாடு ராஜ்யங்கள் பிரிந்தன. 1959-இல் ஆந்திர மின்சார வாரியம் அமைந்தது. 1999-இல் அது பிரிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தென்பகுதிக்கான மின்விநியோக நிறுவனம் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்தது. அகண்ட தீபத்துக்குப் பெயர்பெற்ற மலையின் அடிவாரமே பல மாவட்டங்களின் வீட்டு விளக்குகளுக்குக் கணக்கு வைக்கும் இடமும் ஆயிற்று.

முதலில் வந்தது குண்டு பல்பு. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை வெண்மையாகக் காய்ந்து ஒளி தருகிறது. காய்வதே அதன் தொழிலாதலால், உண்ணும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கே ஒளியாகிறது. ஏனையது வெப்பமாய்ப் போகிறது. கோழிக்குஞ்சு வளர்ப்போர் குண்டு பல்பைத் தேடி வாங்குவதும் அவ்வெப்பம் கருதியே. சித்தூர் மாவட்டத்திலே கோழிப் பண்ணைகள் மிகுதி. ஆகவே அதன் குறை ஒருவருக்குக் குணமாகவும் இருந்ததை மறைக்கலாகாது. படிக்கும் பிள்ளைக்கு வேண்டுவது வெளிச்சம். குஞ்சுக்கு வேண்டுவது சூடு. நாம் பிள்ளையின் மேசைக்கு மேலே குஞ்சுக்குரிய விளக்கைத் தொங்கவிட்டு நெடுங்காலம் இருந்தோம்.

அடுத்து வந்தது குழல் விளக்கு. கண்ணாடிக் குழலினுள் சிறிது பாதரச ஆவியை அடைத்து அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர் தோன்றும். குழலின் உட்புறத்திற் பூசிய வெண்பூச்சு அக்கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும். 1901-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்னும் அமெரிக்கர் பாதரச ஆவி விளக்கை ஆக்கினார். 1938-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் குழல் விளக்குகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் அது முதலில் அலுவலகத்துக்கும் கடைக்கும் வந்து, பிறகு வீட்டுக் கூடத்தில் ஏறிற்று. சோக்கு, ஸ்டார்ட்டர், நான்கடிப் பட்டி என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டு. ஸ்விட்சைத் தட்டியவுடன் எரியாது. இரண்டு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டே எரியும். சொன்னதைத் தாமதித்து விளங்கிக்கொள்பவனை ‘டியூப்லைட்’ என்று தமிழன் பெயரிட்டழைத்தது அந்த விளக்குக்கு அவன் செலுத்திய மரியாதை.

இக்குழல் விளக்குக்குச் சித்தூர்ச் சீமையில் ஒரு தனித் துன்பம் நேர்ந்தது. மழை குறைந்த நாடு இது. பொன்முகலியும் ஆரணியாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பவை. கிணறும் ஆழ்குழாயும் பம்புசெட்டுமே பயிர்க்குக் கதி. ஒரே கம்பியில் வயலின் மோட்டாரும் வீட்டின் விளக்கும் தொங்கியதால், மோட்டார்கள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்துபோகும்; குழல் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரியாமலே நின்றுவிடும். அப்பொழுது மங்கலாகச் செந்நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்பே துணை. பயிர் வேண்டுமா, பாடம் வேண்டுமா என்று ஒவ்வொரு மாலையும் அந்தக் கம்பி கேட்டது.

இனிச் சுருள் விளக்குக்கு வருவோம். 1973-இல் மேற்கு ஆசிய எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது, மின்சாரத்தைச் சிக்கனமாக எரிக்கும் வழியை எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் தேடினர். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எட்வர்ட் ஹாமர் என்னும் பொறியாளர் 1976-இல் குழலைச் சுருளாக முறுக்கிக் குண்டு பல்பின் அளவுக்குள் அடக்கிக் காட்டினார். அதைப் பெருவாரியாகச் செய்ய இயந்திரம் அமைக்கும் செலவுக்கு அஞ்சி நிறுவனம் அதை ஒதுக்கி வைத்தது. 1980-இல் பிலிப்ஸ் நிறுவனம் வேறு வடிவில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது கனத்தது, சோக்கும் அதனுள்ளேயே இருந்தது. 1985-இல் ஒஸ்ராம் நிறுவனம் இரும்புச் சோக்குக்குப் பதிலாக மின்னணுச் சோக்கை வைத்தது. அதன்பிறகே விளக்கு எடை குறைந்து, சிமிட்டலும் நின்று, பழைய ஹோல்டரில் அப்படியே மாட்டத் தக்கதாயிற்று. குழல் விளக்கின் குடும்பம் முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது என்று சொல்லலாம்.

சித்தூர் வீட்டார் அதில் முதலிற் கண்டுகொண்ட நன்மை சிக்கனமன்று. தாழ்ந்த மின்னழுத்தத்திலும் அது எரிந்தது. அதுவே பெரிய வரம். மின்வெட்டு மிகுந்த ஆண்டுகளில் இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளில் பாட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கிற்று. (திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலேயே 1985-இல் தோன்றிய அமரராஜா நிறுவனம் பாட்டரி செய்து வந்ததால் அப்பொருளின் பெயர் இங்கே எல்லார்க்கும் பழக்கம்.) 2012, 2013-ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்தில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அந்நாளில் சுருள் பல்பு இல்லாத வீடு இருட்டில் இருந்த நேரம் கூடுதல்.

சிக்கனக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை ஏறத்தாழ 15 வாட் சுருள் பல்பு தருகிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரித்தால் குண்டு பல்பு ஆண்டுக்கு 109 யூனிட்டுக்கு மேல் உண்ணும். சுருள் பல்பு 27 யூனிட்டோடு நின்றுவிடும். மிச்சம் 82 யூனிட். யூனிட் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு விளக்கினால் ஆண்டுக்கு 164 ரூபாய். அதன்மேலும், மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதாகையால், யூனிட் குறைந்தால் வீடு மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும் வாய்ப்பும் உண்டு. ஆயுளைப் பார்த்தாலும், குண்டு பல்பு 1000 மணி நேரம், நல்ல சுருள் பல்பு 6000 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் எட்டு மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

இவ்வளவு தெளிவான ஆதாயத்தை ஏழை வீடுகள் ஏன் உடனே பற்றிக்கொள்ளவில்லை? கணக்குத் தெரியாமையால் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். கூலி வேலை செய்பவர் கையில் மாலையில் இருப்பது அன்றைய கூலி. அந்நாளிற் பத்து பன்னிரண்டு ரூபாய்க்குக் குண்டு பல்பு கிடைத்தது. நூறு ரூபாய்க்குச் சுருள் பல்பு கிடைத்தது. எட்டு மாதத்தில் வரப்போகும் லாபத்துக்காக இன்றைய அரிசியை விட்டுக்கொடுக்க எவரால் இயலும்? மிச்சம் பிடிப்பதற்கும் முதலில் ஒரு முதல் வேண்டும். கல்வெட்டுக் காலத்தில் 96 ஆடுகளை ஒருவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டதனால் நாள்தோறும் நெய் வந்தது. வீட்டு விளக்குக்கு அந்த ஆடுகளைக் கொடுப்பார் எவருமில்லை. முன்னே நான் சொன்ன மறதிக்கு இதுவே காரணம். கடையில் கொடுக்கும் விலை கையைச் சுடுகிறது. மீட்டரில் ஓடும் விலை பிறகே சீட்டாக வருகிறது, அதிலும் எந்த விளக்கு எவ்வளவு தின்றது என்று எழுதியிருப்பதில்லை.

இதை உணர்ந்து சில இடங்களில் நல்ல முயற்சிகள் நடந்தன. பெங்களூரில் வாழும் நேயர்களிற் சிலருக்கு 2004-இல் அங்குள்ள மின்விநியோக நிறுவனம் தொடங்கிய திட்டம் நினைவிருக்கலாம். விளக்கை முதலில் வாங்கிக்கொண்டு, விலையை மாதந்தோறும் மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தலாம் என்றார்கள். மிச்சமாகும் பணத்திலிருந்தே தவணை கழிந்தது. ஆந்திரத்தில், விசாகப்பட்டினத்தில், ஒஸ்ராம் நிறுவனம் சுருள் விளக்குகளை வீடுதோறும் வழங்கும் திட்டம் ஒன்றை, கரியமில வாயுக் குறைப்புக்கான சர்வதேச ஏற்பாட்டின்கீழ்ப் பதிவு செய்து நடத்திற்று.

2009 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ‘பசத் விளக்குத் திட்டம்’ என்பதைத் தொடங்கிற்று. பசத் என்னும் ஹிந்திச் சொல்லுக்குச் சேமிப்பு என்று பொருள். நாட்டில் ஏறத்தாழ 40 கோடி குண்டு பல்புகள் எரிகின்றன என்று அப்போது மதிப்பிட்டார்கள். எரிகின்ற குண்டு பல்பு ஒன்றைக் கொடுத்து 15 ரூபாயும் கொடுத்தால் சுருள் பல்பு கிடைக்கும். மீதி விலையை முதலீட்டாளர் ஏற்பார். எரிக்காமல் விடப்பட்ட நிலக்கரிக்கு ஈடாகக் கிடைக்கும் கரியமில வரவுச் சீட்டை வெளிநாட்டுச் சந்தையில் விற்று அவர் தம் முதலைத் திரும்பப் பெறுவார். கேரளத்தில் இத்திட்டத்தின்கீழ்ப் பல லட்சம் வீடுகளுக்கு இரண்டிரண்டு விளக்குகள் சென்றன. ஆனால் 2012-ஐ ஒட்டி அச்சீட்டின் விலை சந்தையில் சரிந்து விழுந்தது. முதலீட்டாளர் விலகினர், திட்டமும் தளர்ந்தது. நம்மூர்க் குடிசையில் எந்த விளக்கு எரிவது என்பதை ஐரோப்பியச் சந்தையின் விலைப்பலகை தீர்மானித்த விந்தையை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். முதலாவது, நிறம். நம் பக்கத்தார் பெரும்பாலும் நீலம் கலந்த வெண்ணிற ஒளியையே விரும்பி வாங்கினர். அதுவே பிரகாசம் என்று கருதினர். அவ்வொளியில் அரக்குப் புடவை கறுத்துத் தோன்றும். மஞ்சள் பூசிய முகம் வெளுத்துத் தோன்றும். நகரியிலும் புத்தூரிலும் நெசவே பலர்க்குப் பிழைப்பு. நூலின் நிறம் ஒரு சாயல் மாறினாலும் துணி திரும்பி வந்துவிடும். சுருள் விளக்கின் கீழ் நிறம் தேர்வது நம்பத் தக்கதன்று. புடவைக் கடையில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் நம் பெண்டிரின் வழக்கத்துக்கு விஞ்ஞானம் முழு ஆதரவு தருகிறது.

இரண்டாவது, ஆயுள். பெட்டியின்மேல் அச்சிட்ட 6000 மணி நேரம் சோதனைச் சாலையின் கணக்கு. அடிக்கடி போட்டு அணைக்கும் குளியலறையில் அது பாதியும் தாங்காது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் அதன் மின்னணுச் சோக்கு வெந்துபோகும். தாழ்ந்த மின்னழுத்தத்தைத் தாங்கிய அவ்விளக்கு, மோட்டார்கள் ஒருசேர நின்று மின்னழுத்தம் திடீரென உயரும்போது தாங்காது. சந்தையில் மலிந்த தரக்குறைவான சரக்கு சில மாதங்களிலேயே அடியில் கருகி நின்றது. நூறு ரூபாய் விளக்கு ஐந்து மாதத்தில் போனால் மேற்சொன்ன கணக்கு முழுவதும் தலைகீழாகும். ஒரு முறை ஏமாந்த வீடு மறுபடி குண்டு பல்புக்கே திரும்பிற்று.

மூன்றாவது குறை வீட்டாருக்குத் தெரியாதது, மின்நிறுவனத்துக்குத் தெரிந்தது. வீட்டு மீட்டர் 15 வாட் என்றே எண்ணும். ஆனால் சாதாரணச் சுருள் விளக்கு கம்பியின்மேல் ஏற்றும் சுமை 25 முதல் 30 வோல்ட்-ஆம்பியர் வரை இருக்கும். அப்போதும் குண்டு பல்பின் சுமையிற் பாதிதான் என்பது உண்மை. நாலில் மூன்று பங்கு மிச்சம் என்று மேடையிற் சொன்ன கணக்கு மட்டும் கம்பியளவில் அவ்வளவு செம்மையானதன்று.

இக்குறைகள் எல்லாம் பணத்தால் தீரக்கூடியவை. பாதரசம் அவ்வாறன்று.

ஒரு சுருள் விளக்கினுள் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம். பொதுவாக 5 மில்லிகிராமுக்கு உட்பட்டது. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் அதைப்போல் நூறு மடங்கு இருந்தது. ஆதலால் ஒரு விளக்கு உடைந்ததும் வீடே நஞ்சாயிற்று என்று அலறுவது பேதைமை. நிலக்கரியிலும் பாதரசம் சிறிதளவு கலந்திருக்கிறது. குண்டு பல்புக்காக அதிக நிலக்கரியை எரித்தால் அந்தப் பாதரசம் புகைபோக்கி வழியே வெளிவருகிறது என்று விளக்கின் பக்கம் வாதாடுவோர் சொல்வதும் நியாயமே. ஆயினும் புகைபோக்கி ஓரிடத்தில் இருக்கிறது. அதற்கு வடிகட்டி போடச் சட்டம் உண்டு, கேட்க அதிகாரி உண்டு. விளக்கோ கோடிக்கணக்கான வீடுகளில் ஒவ்வொன்றாய்ச் சிதறிக் கிடக்கிறது. அது குப்பையில் விழும்போது அதைக் கையால் எடுப்பவர் துப்புரவுத் தொழிலாளி. அடிப்பாகத்து உலோகத்துக்காக உடைப்பவர் பழைய சாமான் பொறுக்கி வயிறு வளர்க்கும் ஏழை. மிச்சமான 82 யூனிட்டில் ஒரு காசும் அவர்களுக்கு வந்ததில்லை.

பாதரசம் என்ன செய்யும் என்பதைத் தமிழர் அறியாதவரல்லர். கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை அதன் கழிவினால் எழுந்த எதிர்ப்பின் காரணமாக 2001-இல் மூடப்பட்டது. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரையூரில், தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மக்கள் நரம்பில் ஏறிய நோய் 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் அமைந்த சர்வதேச உடன்பாடு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை உறுதி செய்தது. 30 வாட் வரையுள்ள, சோக்கு உள்ளடங்கிய சுருள் விளக்குகளை 2025-ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுவது என்று 2022-இல் உடன்பாட்டு நாடுகள் முடிவு செய்தன; மறு ஆண்டில் நான்கடிக் குழல் விளக்குக்கும் 2027-ஐ எல்லையாக வகுத்தன. நம் நாட்டிலும் 2016-இன் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்து, எரிந்து முடிந்தவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் ஏற்றின. விளக்கு வீடுகளுக்குள் பெருவாரியாக நுழைந்து எத்தனையோ ஆண்டு கழித்து வந்த விதி அது.

அதற்குள் சுருள் விளக்கின் காலமே முடியத் தொடங்கிவிட்டது. 2014 அக்டோபரில் ஆந்திரத்தின் குண்டூர், அனந்தபூர், மேற்குக் கோதாவரி, ஸ்ரீகாகுளம் ஆகிய நான்கு மாவட்டங்களில், பழைய பல்பைக் கொடுத்து 10 ரூபாய்க்கு ஒரு எல்.இ.டி. விளக்குப் பெறும் திட்டம் தொடங்கிற்று. பிறகு ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. 2015 ஜனவரியில் அது நாடு தழுவிய திட்டமாகி, ‘உஜாலா’ என்னும் பெயரால் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகளை வழங்கிற்று. சர்க்கார் மொத்தமாக வாங்கியதனால் 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது. 7 வாட்டில் அதே ஒளி, பாதரசம் இல்லை, மாட்டியவுடன் எரிகிறது. சுருள் விளக்குக்குக் கிட்டாத அந்த 96 ஆடுகளை இந்த விளக்குக்குச் சர்க்கார் முன்கூட்டிக் கொடுத்தது. புதிய விளக்கினுள்ளும் மின்னணுச் சில்லு உண்டு, அதுவும் ஒருநாள் கழிவாகும் என்பதை இப்பொழுதே குறித்து வைப்போம்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புதிய விளக்கு எதை மாட்டினாலும் அதன் வெள்ளை அடிப்பாகத்தில் பேனாவால் தேதி எழுதிவிடுவது அவர் வழக்கம். அவர் வீட்டுப் பரண்மேல் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி இருக்கிறது. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை இறக்கிப் பார்த்தேன். எரிந்து முடிந்த சுருள் விளக்குகள் பதினொன்று, செய்தித்தாளிற் பொதிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் மாட்டிய நாளும் கழற்றிய நாளும் தமிழில் எழுதியிருந்தன. ஒன்று நான்கு ஆண்டும் இரண்டு மாதமும் எரிந்திருக்கிறது. மற்றொன்று நான்கே மாதம். கூட்டிப் பார்த்தால் சராசரி இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவு.

“இவற்றை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், அத்தை?” என்று கேட்டேன். “குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணிடம் கொடுக்கப் போனேன். ‘அம்மா, போன வாரந்தான் இதுபோல ஒன்று உடைந்து உள்ளங்கை அறுத்துக்கொண்டது’ என்று கட்டை அவிழ்த்துக் காட்டினாள். எப்படியப்பா அதன்பிறகும் கொடுப்பது? எடுத்துக்கொள்ளும் இடம் எதுவென்று நீதான் விசாரித்துச் சொல்லேன்” என்றார்.

அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். விளக்கு உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்திக் கால்மணி நேரம் விலகியிருங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டா. அது துகளை அறை முழுதும் பரப்பும். கெட்டி அட்டையால் வாரி, மிஞ்சிய பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, இரண்டையும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அடைத்து வையுங்கள். உடையாத விளக்குகளை அட்டைப்பெட்டியிற் பொதிந்து, மின்னணுக் கழிவு பெறும் மையம் உங்கள் நகரத்தில் எங்கிருக்கிறதென்று நகராட்சியில் விசாரித்து அங்கே சேர்ப்பியுங்கள். அத்தையின் பதினொன்றையும் நான் எடுத்து வந்துவிட்டேன். பெட்டியை மட்டும் அவர் திரும்பக் கேட்டிருக்கிறார்.